சும்மா இருக்கும் நாள்: ஜெருசலேமிலிருந்து ஒரு கடிதம்

யூதர்களுக்குப் பெரிய பண்டிகை எது என்பது அத்தை கேட்டனுப்பிய கேள்வி. அது வாரந்தவறாமல் வருகிறது. பெயர் சப்பாத், தமிழ் பைபிளில் ஓய்வுநாள். யூதக் கணக்கில் சூரியன் மறையும்போதே புது நாள் பிறந்துவிடும். ஆகவே சப்பாத் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி, சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தென்படும்வரை நீடிக்கிறது. ஜெருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது சங்கு ஊதும். வேலையை நிறுத்தச் சொல்லும் சங்கு அது.

நிறுத்த வேண்டிய வேலைகள் 39 வகை. உழுவது, விதைப்பது, மாவு பிசைவது, நெய்வது, எழுதுவது, தீ மூட்டுவது எனப் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அவற்றை வரிசைப்படுத்துகிறது. மின்சாரம் வந்தபின் சுவிட்சைத் தொடுவதும் கூடாது என்று யூத மதகுருக்களான ரபிகள் முடிவு செய்தனர். அதனால் விளக்கு டைமரில் எரிந்து அணைகிறது. வெள்ளிக்கிழமையே சமைத்தது 'பிளாட்டா' என்ற மின்தகட்டின்மேல் சூடு ஆறாமல் கிடக்கிறது.

லிஃப்ட் பொத்தானும் சுவிட்ச்தான். ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் முதியவர் தொழுகைக்கு எப்படிப் போவது? இதற்காகவே சப்பாத் லிஃப்ட் உண்டானது. யாரும் கூப்பிடாமலே அது ஒவ்வொரு மாடியிலும் நிற்கும், கதவைத் திறக்கும், சற்றுப் பொறுத்து மூடும், அடுத்த மாடிக்குப் போய் அதையே செய்யும். ஒன்றுக்கு மேற்பட்ட லிஃப்ட் உள்ள புதிய கட்டடங்களில் ஒன்றிலாவது இந்த ஏற்பாடு வேண்டும் என்று 2001இல் இஸ்ரேல் சட்டமே இயற்றியது. ஊரே ஓய்ந்திருக்கும் நாளில் ஓயாது உழைப்பது இந்த லிஃப்ட் ஒன்றுதான்.

விவகாரம் அதோடு முடியவில்லை. லிஃப்ட் இறங்கும்போது உள்ளே நிற்பவரின் எடையும் மோட்டாருக்கு ஒத்தாசை செய்கிறது. அப்படியானால் சும்மா நின்றவரும் வேலை செய்தவராகிறாரே என்று சிலர் வாதிட்டனர். 2009இல் ரபி எலியாஷிவ் உள்ளிட்ட பெரியவர்கள் இந்த லிஃப்டே கூடாது என்று தீர்ப்பளித்தனர். வேறு ரபிகள் அனுமதித்தனர். இதனால் ஒரே கட்டடத்தில் மூன்று சாதியார் உருவாகின்றனர்: லிஃப்டில் ஏறி இறங்குபவர், ஏறுவதற்கு மட்டும் லிஃப்டும் இறங்கப் படியும் கொள்பவர், இரண்டுக்கும் படியே கொள்பவர். நம் ஊரிலிருந்து வந்து முதியவரைக் கவனித்துக்கொள்ளும் யூதரல்லாத பணியாளர் பொத்தானை அழுத்தலாம், தடையில்லை. ஆனால் அன்றைக்கு லிஃப்ட் யார் பேச்சையும் கேட்காது. குப்பைப் பையோடு கீழே போகிறவர் எட்டு மாடியிலும் ஆளில்லாத வராந்தாவைத் தரிசித்துவிட்டே தரைக்கு வருகிறார்.

யூதர் செய்யக்கூடாததை யூதரல்லாதவரிடம் ஏவவும் கூடாது. நோயாளியின் தேவை என்றால் நேரே சொல்லலாம், மற்றபடி குறிப்புதான். "விளக்கை அணை" என்பது தவறு. "இந்த வெளிச்சத்தில் எங்கே தூங்குவது" என்பது பொதுவான கருத்து. திருக்குறளில் குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் உண்டு; இந்த வேலைக்கு இரண்டுமே போதவில்லை. பெரும்பாலான ஊர்களில் அன்று பஸ்ஸும் ஓடாது. முதியவரின் பிள்ளைகள் வீட்டிலிருக்கும் சனிக்கிழமைதான் பணியாளருக்கு ஓய்வு. ஆக, வெளியே போக அனுமதி உள்ள நாளில் போக வண்டியில்லை.

ஆண்டுப் பண்டிகைகள் சந்திர மாதக் கணக்கில் வருகின்றன. பருவம் தவறாமலிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடும். திஷ்ரி மாதம் முதல் இரு நாள் புத்தாண்டான ரோஷ் ஹஷானா: ஆட்டுக்கிடாக் கொம்பை ஊதுவார்கள், ஆப்பிளைத் தேனில் தோய்த்துத் தின்பார்கள். பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாள். சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். பென் குரியன் விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். காலியான நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

பதினைந்தாம் நாள் தொடங்குவது சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகை. ஏழு நாள் குடிசையில் சாப்பாடு. தழைக் கூரையின் இடுக்கில் நட்சத்திரம் தெரிவது நல்லது. மேலே இன்னொரு பால்கனி மறைத்தால் குடிசை செல்லாது என்பதால், ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பால்கனிகளைத் தள்ளித் தள்ளிக் கட்டிய அடுக்குமாடிகள் இங்கே உண்டு.

குளிர்காலத்தில் ஹனுக்கா. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க ஆட்சியாளரிடமிருந்து ஆலயத்தை மீட்ட நினைவாக எட்டு இரவு விளக்கேற்றுகிறார்கள். அப்போது ஆலயத்தில் கொஞ்ச எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லும் அற்புதத்தைப் போற்ற எண்ணெய்ப் பலகாரம். ஜாம் வைத்த உருண்டை அது, மெதுவடைக்கு ஈடில்லை. அடுத்தது பூரிம்: எஸ்தரின் கதையை வாசிக்கையில் அதன் வில்லன் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கூச்சலிட்டு அதை அமுக்குவார்கள். மற்ற ஊர்களில் இது அதார் மாதம் 14. பழைய மதில் நகரமான ஜெருசலேமில் 15.

வசந்தத்தில் பஸ்கா, ஏழு நாள். கோதுமை முதலிய ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் வீட்டில் இருக்கலாகாது. புளிப்பில்லா அப்பத்தின் மாவைப் பிசைந்து 18 நிமிடத்துக்குள் சுட்டாக வேண்டும். மிச்சமிருக்கும் தானியச் சரக்கை யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்பப் பெறுகிறார்கள். அரசுச் சரக்குக்கும் இதே ஏற்பாடு. அரிசியும் பருப்பும் ஐரோப்பிய வழி யூதருக்கு விலக்கு. கிழக்கத்திய வழியினர் பலருக்கு இல்லை. ஆகவே இட்லி வீட்டைப் பொறுத்தது. ரவை உப்புமாவுக்கு எந்த வீட்டிலும் இடமில்லை. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், அந்த டப்பாவும் ஒரு வாரம் நாடுகடத்தப்படுகிறது.

பஸ்காவிலிருந்து ஏழு வாரம் கழித்து ஷவுவோத், சீனாய் மலையில் வேதம் அருளப்பட்ட நாள். இரவு முழுக்க வேதம் படிக்கிறார்கள். உணவில் பாலும் பாலாடைக்கட்டியும் முதலிடம் பெறுகின்றன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா பார்சலில் வந்தாலும் அதில் யூத உணவு விதிக்கு உட்பட்டது என்று காட்டும் கோஷர் முத்திரை இருக்காது. வீட்டார் தொட மாட்டார்கள். முழுவதையும் பணியாளரே தின்று தீர்க்க வேண்டும்.