கதிரைச் சாரதி

கார் இல்லாதவரிடத்தில்தான் காரைப் பற்றிய அபிப்பிராயம் பரிபூரணமாக விளையும் என்பது, கரைத்தீவில் எங்கள் ஹோட்டல் வாசலில் பல காலமாக நிலைபெற்றுவிட்ட சித்தாந்தம். கார் வைத்திருக்கிறவனுக்கு லீசிங் தவணை, இன்ஷுரன்ஸ், வருஷாந்தர வரிப்பத்திரம், களப்பின் உப்புக்காற்றில் துருவேறிக்கொண்டே போகும் கதவடி என்று ஓராயிரம் லௌகிகக் கவலைகள் இருப்பதால் அவனுடைய புத்தி கலங்கிப் போகிறது. இந்த விலங்குகளில் ஒன்றேனும் காலில் பூட்டப்படாத எங்கள் நானாவோ, இஷாத் தொழுகை முடிந்து பிளேன்டீ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாரானால், உலகத்தில் உற்பத்தியாகும் சகல மோட்டார் வாகனங்களும் அவருடைய சந்நிதானத்தில் வரிசையாக வந்து தீர்ப்புக் கேட்டுப் போகின்றன. நானா என்பதற்குமேல் அவரை அடையாளம் காட்டப் போவதில்லை. பெயரைச் சொன்னால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலையும்போது என்னை வழிமறித்து, இந்தக் கட்டுரையில் குதிரைவலுவை நான் குறைத்து எழுதிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கிவிடுவார்.

தற்சமயம் அவருடைய மனத்தை ஆட்கொண்டிருப்பது ஹூண்டாய் வெர்னா டர்போ. 2023 மார்ச்சில் இந்தியாவில் வெளிவந்த நாள் முதல் அந்தக் காரின் லக்ஷணங்களை அவர் பாராயணம் செய்து வருகிறார்: 1482 சிசி எஞ்சின், 160 குதிரைவலு, நிமிஷத்துக்கு 1500 சுற்றிலேயே எழுந்து 3500 வரையில் குறையாமல் நிற்கும் 253 நியூட்டன் மீற்றர் டோர்க், சிவப்புச் சாயம் பூசிய முன் பிரேக், 528 லீற்றர் கொள்ளும் டிக்கி. அந்தக் கார் வெளிவந்த சமயத்தில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்கென்று 2020 மார்ச்சில் போடப்பட்ட இறக்குமதித் தடையினால் சாமானியன் ஒரு புதுக் காரைக் கொண்டுவந்து இறக்க வழியில்லாதிருந்தது என்பதும், கியூஆர் கோட்டைக் காட்டி வாரப் பங்கீட்டுக்குத்தான் நாங்கள் பெற்றோல் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதும் அவருடைய உற்சாகத்தை அணுவளவும் குறைக்கவில்லை. வாங்கவே முடியாத காரைப் பற்றி நிஷ்களங்கமாகப் பேசலாம். விலை என்னும் அற்ப விஷயம் அங்கே குறுக்கே வராது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியது என்ற செய்தி வந்தபோது, ஹோட்டலில் எல்லோரும் மகிழ, நானாவின் முகம் மாத்திரம் ஒரு கணம் வாடிப்போனதை நான் பார்த்தேன். "இப்ப வாங்கப் போனா காசெல்லாம் வரிக்கே போயிடும், சேர். அடுத்த மாடல் வரட்டும்" என்று ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பேச்சோடு நின்றால் சகித்துக்கொள்ளலாம். நானா அந்தக் காரை ஓட்டியும் காட்டுவார்.

ஹோட்டல் வாசலில் கைப்பிடி வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் சில கிடக்கும். அவற்றுள் கால் நாலும் சமமாக ஊன்றுகிற ஒன்றை அவர் தேர்ந்தெடுத்து, பள்ளத்தில் அகப்படாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்வார். முதலில் வலது காற்செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது. எக்ஸிலறேற்றரின் நயம் வெறுங்காலுக்குத்தான் தெரியுமாம். பிறகு கதிரையை இரண்டு அங்குலம் முன்னுக்கு இழுத்து, காற்றில் தொங்கும் கண்ணாடியை இரண்டு விரலால் திருத்தி, தோளிலிருந்து இடுப்புவரை இல்லாத பெல்ற்றை இழுத்துப் பூட்டி, 'க்ளிக்' என்ற சப்தத்தையும் நாக்கினால் தாமே உண்டாக்குவார். அதன் மேல் ஆசனத்துக்கடியில் கையை விட்டுத் தடவி, "சீற்றுக்குள்ளால குளிர் காத்து வருது, பாருங்க" என்பார். மார்ச் மாதத்துப் புழுக்கத்தில் முதுகு முழுவதும் சேர்ட்டோடு ஒட்டிக்கிடக்க அவர் இதைச் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே சற்றுச் சிலிர்த்துவிடும்.

பிரயாணம் ஆரம்பமாகிறது. புத்தளம் தாண்டிக் கொழும்பு வீதியில் ஏறும்வரையில் நானா நிதானமாகவே செல்வார். வளைவுகளில் தலை சாயும், வேகத்தடைகளில் உடம்பு ஒருமுறை எழும்பி அமரும். பாலாவிச் சந்திக்கு அப்பால் வீதி நேராக நீளும் இடம் வந்தவுடன், "இப்பத்தான் விஷயம் இருக்கு" என்று எச்சரித்துவிட்டு, வலது பெருவிரலைச் சிமெந்துத் தரையில் மெல்ல மெல்ல அழுத்துவார். இங்கே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் அரைக் கணம் அசையாமல் இருப்பது, டர்போ விழித்துக்கொள்வதற்கு எடுக்கும் தாமதத்தைக் குறிப்பதாகும். அந்த அரைக் கணத்தில் ஹோட்டல்காரர் கூட தேநீர் இழுக்கும் கையை நிறுத்திக்கொள்வது வழக்கம். பிறகு, பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டாற்போல் முதுகைக் கதிரையில் மோதி, தலையைப் பின்னுக்கு எறிந்து, பிளாஸ்டிக் கால்கள் விரிய, "அம்மாடி!" என்று அவர் கூவுகையில், கையிலிருக்கும் பிளேன்டீயில் கால்வாசி சட்டைப்பையில் போய்ச் சேரும். அந்தச் சேதத்தை அவர் கவனிப்பதேயில்லை. ஏழு கியர் கொண்ட தன்னியக்கப் பெட்டியை ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள தகட்டினால் மாற்றுவதில் அவருடைய விரல்கள் ஈடுபட்டிருக்கும். கார்களுக்கு இந்நாட்டுச் சட்டம் விதித்த எழுபது கிலோமீற்றர் எல்லையை அவர் எப்போது கடந்தார், சிலாபத்தை எப்போது விட்டார் என்பதெல்லாம் கேட்கத் தகாத கேள்விகள்.

இந்த நாடகத்தின் உச்சம், கைகள் இரண்டையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மார்பில் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. அந்தக் காரின் விலை கூடிய வகைகளில் முன்னால் வரும் வாகனத்தையும் ஆளையும் தானே பார்த்துத் தானே பிரேக் போடும் உபகரணம் இருக்கிறதல்லவா, அதற்கான நிரூபணம் இது. ஒருநாள் அவர் அவ்வாறு கைகட்டி, கண்ணையும் பாதி மூடிப் பரவசமாய் வீற்றிருந்த சமயம், எழுவன்குளம் பாதையில் இரவில் மீன் லொறி ஓட்டும் ஒருவர், "நானா, ஆனை குறுக்கால வந்தா அது விளங்கிக்கொள்ளுமா?" என்று சாவதானமாகக் கேட்டுவிட்டார். வில்பத்து வனத்தின் ஓரத்தில் சீவிப்பவர்களுக்கு இது தத்துவ விசாரமன்று, சாப்பாட்டுப் பிரச்சினை. நானா கண்ணைத் திறந்து, வாயையும் திறந்து, பின்னர் இரண்டையும் மூடிக்கொண்டு, காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். அதாவது கதிரையை விட்டு எழுந்து கைகழுவப் போனார்.

இவருக்கு எதிர்க்கட்சியாக வனாத்தவில்லுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருவதுண்டு. அவர் ஃபோக்ஸ்வாகன் வேர்ட்டஸ் பக்ஷம். அந்தக் காரின் 1.5 லீற்றர் டர்போவுக்கு 150 குதிரைவலு, 250 நியூட்டன் மீற்றர். ஆகவே விவாதம் பெரும்பாலும் மிச்சமுள்ள 3 நியூட்டன் மீற்றரைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு மீற்றர் நீளமுள்ள கம்பின் நுனியில் 300 கிராம் மீன் ஒன்றைத் தொங்கவிட்டால் மறுமுனையில் என்ன திருகல் உண்டாகுமோ, அதுதான் 3 நியூட்டன் மீற்றர். அந்த ஒரு மீனுக்காக இவ்விருவரும் ஒரு நோன்புப் பெருநாள் தொடங்கி ஹஜ்ஜுப் பெருநாள்வரை முகங்கொடுத்துப் பேசாதிருந்த காலமும் உண்டு. கொரியக் கார் எப்படி உயர்ந்தது என்று தம்பி கேட்டால், நானா சொல்லும் காரணம் வேடிக்கையானது. கியாவின் உருவத்தை மாற்றியமைத்தவர் ஃபோக்ஸ்வாகன் குழுமத்திலிருந்து 2006இல் வந்த பீற்றர் ஷ்ரையர் என்ற ஜெர்மானியர். ஹூண்டாயின் ஓட்டத்தைச் செப்பனிட்டவர் பிஎம்டபிள்யூவிலிருந்து 2015இல் வந்த அல்பர்ட் பீர்மன் என்ற ஜெர்மானியர். எனவே கொரியக் கார் உத்தமமானது! ஜெர்மன் காரோ புனேக்குப் பக்கத்திலுள்ள சாக்கனில் செய்யப்படுவது என்று அவர் எள்ளி நகையாட, வெர்னாவும் கொரியாவிலிருந்து வரவில்லை, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில்தான் பிறக்கிறது என்று தம்பி திருப்பிக் கொடுப்பார். ஜெர்மானியர் திருத்திய கொரியக் காரைத் தமிழர்களும், அசல் ஜெர்மன் காரை மராட்டியரும் செய்கிறார்கள் என்ற இடத்தில் விவாதம் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நானாவின் கொரியப் பக்திக்கு மூலகாரணம், கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்கே வேலைக்குப் போன அவருடைய மச்சினன் சொனாட்டா ஒன்றின் அருகில் நின்று எடுத்தனுப்பிய படம். அந்நாட்டில் சொனாட்டாக்கள் ஆயிரக்கணக்கில் டெக்ஸியாக ஓடுகின்றன என்பதையும், படத்திலுள்ள காரின் கூரையில் டெக்ஸி விளக்குப் போன்ற ஒன்று தெரிகிறது என்பதையும் நாங்கள் மரியாதை கருதிப் பேசுவதில்லை. 2011ஆம் வருஷ மாடல் சொனாட்டாவில் ஆறு சிலிண்டரை நீக்கிவிட்டு 274 குதிரைவலு டர்போவை வைத்து அமெரிக்கரை அசத்திய கதையை அவர் விஸ்தாரமாகச் சொல்வார். அதே குடும்பத்து எஞ்சின்களில் உலோகத் துகள் எண்ணெய் வழியை அடைத்ததால் 2015இல் கார்களைத் திருப்பியழைக்க நேர்ந்த கதையைத் தம்பி சொல்லத் தொடங்கினால், நானாவுக்குத் தொழுகை நேரம் ஞாபகம் வந்துவிடும்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் அநியாயம். பாடசாலையில் ஒரு தவணை முழுவதும் நான் கரும்பலகையில் வரைந்தும் பையன்களின் மண்டையில் ஏறாத 'விசையின் திருப்பு விளைவை', நானா சிறிய ஸ்பேனர் ஒன்றையும் பெரிய ஸ்பேனர் ஒன்றையும் துருப்பிடித்த நட்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் விளங்க வைத்துவிட்டார். டர்போவையும் அவ்வாறே விளக்குவார்: எஞ்சின் வேண்டாமென்று வெளியே தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தை நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றுகிறது, அதன் மறுபக்கத்திலுள்ள சக்கரம் வெளிக்காற்றை நெருக்கி உள்ளே அனுப்புகிறது, காற்று கூடினால் பெற்றோலும் கூட எரியலாம். ஆல்பிரட் பூக்கி என்ற சுவிஸ்காரர் 1905இலேயே இதற்கு உரிமை பெற்றுவிட்டார் என்று அவர் சொல்லும்போது, கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். "அரசாங்கம் சிசியை எண்ணி வரி போடுது. டர்போ சிசியைக் கூட்டாமப் பவரைக் கூட்டுது. அப்ப யாருக்கு லாபம்?" என்று அவர் முடிக்கும் நியாயத்தில் ஓட்டை காண என்னாலும் முடியவில்லை. இப்படிப்பட்ட சமயங்களில் இவரை ஏன் யாரும் ஆசிரியராக்கவில்லை என்று நினைத்ததுண்டு.

என் சினமெல்லாம் கதிரையை விட்டு அவர் எழுந்த பிறகு செய்கிற காரியத்தைப் பற்றியது. எங்கள் தெருவில் ஒருவர், கட்டாரில் உழைத்த பணத்தோடு லீசிங்கும் சேர்த்து, பழைய சிறு கார் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டார் வாசலில் நின்றிருக்க, அயலவர்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நானா வந்து, பொனற்றை விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "தகரம்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்தக் காரைக் கழுவும்போது நான் பார்த்திருக்கிறேன். முன்பிருந்த ஆசை அந்தக் கையில் இல்லை. வாங்க முடியாத காரைப் பற்றி ஒருவர் எத்தனை கொரியப் புராணம் வேண்டுமானாலும் பாடட்டும், கேட்க நாங்கள் இருக்கிறோம். பட்ட கடனோடு வாசலில் வந்து நிற்கும் காரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டவர் யார்?

என்னுடையது மாருதி ஆல்ட்டோ. 796 சிசி, 48 குதிரைவலு, 69 நியூட்டன் மீற்றர். புத்தளத்துக்குப் போகும் நாட்களில் நானா அதில் இலவசமாக வருவார். "இந்த எஞ்சினுக்கு ஏசி பெரிய பாரம், சேர்" என்று சொல்லிக்கொண்டே ஏசியைத் தாமே கூட்டி வைப்பார். அதையும் பொறுத்தேன். இறங்கும்போது கதவைச் சாத்தும் ஓசையிலிருந்து வாகனத்தின் தரத்தை நிர்ணயிக்கலாம் என்று எவரோ சொல்லக் கேட்டிருக்கிறார். 'டொக்' என்று கேட்டால் ஜெர்மன் தரம், 'டங்' என்று கேட்டால் தகரம். என் காரிலும் அந்த 'டொக்'கை வரவழைத்துவிடலாம் என்ற நப்பாசையோ என்னவோ, ஒவ்வொரு முறையும் முன்னிலும் பலமாக அறைந்து பார்க்கிறார். அதன் பலனாக இடதுபக்கக் கதவு இப்போது உள்ளிருந்து திறப்பதில்லை. புத்தளம் பஸ் நிலையத்தின் எதிரில் நிறுத்தினால் அவர் மந்திரியைப் போல் கைகட்டி உள்ளே உட்கார்ந்திருக்க, நான் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு போய், வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. கராஜில் பாஸ் அந்தப் பூட்டுக்குக் கேட்ட தொகையை நானாவிடம் ஜாடையாகத் தெரிவித்தேன். சற்று நேரம் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "ஒரிஜினல் பார்ட்டாப் போடுங்க, சேர். மத்தது தாங்காது" என்றார்.