வஞ்சிரமா, ஜிலேபியா?

ஏலே பேராண்டி, மச்சு வீட்ல டி.என்.ஏ. லேப் போடப் போறேன்னு திரியுதியாமே? மார்க்கெட்டுல வஞ்சிரம்னு குடுத்தது வஞ்சிரந்தானான்னு கண்டுபிடிக்கப் போறியாக்கும்! உங்க ஆச்சி செவுளத் தூக்கிப் பாத்தே சொல்லிருவா. துண்டு போட்டு வித்தா அவளுக்கும் செரமந்தான். சரி, கேளு.

டி.என்.ஏ.வைப் பிரிக்கிறது பெரிய வித்தை இல்லலே. வாழைப்பழத்தப் பிசைஞ்சு, பாத்திரம் வெளக்குற சோப்பும் உப்புத்தண்ணியும் சேத்து வடிகட்டு. குளுந்த ஸ்பிரிட்ட மெல்ல ஊத்து. வெள்ளையா நூல் நூலா மெதக்கும். போட்டோ பிடிச்சு ஸ்டேட்டஸ் வையி. ஆனா அந்த நூலு 'நான் பூவன்'னு வாயத் தொறந்து சொல்லுமா?

சொல்ல வைக்கத்தான் பி.சி.ஆர். மெஷினு. கேரி முல்லிஸ்னு ஒரு அமெரிக்காக்காரரு, 1983-ல ராத்திரி கார் ஓட்டையில தோணுன யோசனை. 1993-ல நோபல் பரிசே குடுத்துட்டாங்க. மெஷினு என்ன செய்யுது? 95 டிகிரிக்குச் சுட வைக்கும், 55 பக்கம் ஆத்தும், 72-க்கு ஏத்தும். ஒரு சுத்துக்கு ஒரு டி.என்.ஏ. துண்டு ரெண்டாவும். எல்லாம் ஒழுங்கா நடந்தா 30 சுத்துல நூறு கோடியத் தாண்டிரும்.

வில்லங்கமும் அங்கதான். நேத்து பெருக்குன அயிலையில ஒரு பொட்டு, சொட்டு அளந்து எடுக்குற பிப்பெட்டு முனையில ஒட்டியிருந்தா, இன்னைக்கு அதுவுந்தான் பெருகும். நீ மீன்காரிகிட்ட சண்டைக்குப் போவே! அதான் வெவரமானவன் ஒரு டியூப்ல மருந்தெல்லாம் போட்டு, மீனுக்குப் பதிலா வெறுந்தண்ணிய ஊத்தி ஓட்டுவான். பெருகுன டி.என்.ஏ.வக் கோடாக் காட்டுற ஜெல்லுல அதுக்கும் கோடு விழுந்துச்சா? அன்னைக்கு ஓட்டுனது அம்புட்டும் குப்பை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ மெஷினு சரியில்லம்பே.

இன்னொண்ணு. ஜெல்லு டி.என்.ஏ. துண்டோட நீளத்தத்தான் காட்டும், அதுல உள்ள எழுத்தப் படிக்காது. அதுக்கு உள்ளங்கையளவு நானோபோர் மெஷினு இருக்கு, 2016-ல விண்வெளி நிலையத்துலயே படிச்சாங்கம்பே. படிச்ச கேட் ரூபின்ஸ் அம்மா யாரு? விண்வெளிக்குப் போறதுக்கு முந்தியே வைரஸ் ஆராய்ச்சியில ஊறுனவுக. நீ காப்பி ஆத்துனாலே தரையெல்லாம் சிந்துது. மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு எடுக்கப் போறியா?

2008-ல நியூயார்க்குல 18, 19 வயசுப் புள்ளைவ ரெண்டு பேரு செஞ்சதச் சொல்லுதேன். சுஷி ஓட்டலு, மளிகைக்கடைன்னு ஏறி எறங்கி 60 மீன் துண்டு சேத்தாங்க. ஸ்பிரிட்டுல போட்டு, பேர் எழுதி, கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிட்டாங்க. அடையாளம் தெரிஞ்சதுல நாலுல ஒண்ணு பேரு மாத்தி வித்த மீனு! வெள்ளை டூனான்னு ஒசத்தி வெலைக்கு வித்தாம்பாரு, அது எது தெரியுமா? நம்ம குளத்து ஜிலேபி மீனு! இம்புட்டுக்கும் அந்தப் புள்ளைவகிட்ட ஒரு மெஷினும் கெடையாது.

உங்கப்பன்கிட்ட காசு கேக்குறதுக்கு முந்தி ஒரு பிப்பெட்டு மட்டும் வாங்கு. பச்சைத்தண்ணிய ஒரே அளவா எடுத்து, நகைக்கடைத் தராசுல நிறுத்துப் பழகு. பத்து தடவையும் ஒரே எடை வந்தா எங்கிட்ட வா, மெஷினுக்கு நானே துட்டுத் தாரேன்.