லிங்க்காரர்

ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறைக்குப் பம்பு ஷாஃப்ட் கடைய வருகிறவர் ‘எப்போ கிடைக்கும்?’ என்றுதான் முதலில் கேட்பார். லிங்க்காரர் அதைக் கேட்கவே மாட்டார். சனிக்கிழமை மத்தியானம், கையில் கிராஃப் தாளும் டிஜிட்டல் வெர்னியருமாக வந்து நிற்பார். வாசலில் அவருடைய பழைய ஜிப்ஸி, வீட்டுப் பெண்கள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய உயரத்தில். “அண்ணே, புஷ் ஹவுசிங் அரை எம்.எம். பெருசா இருக்கு.” “வெல்டிங் சூட்டுல இழுத்துக்கும் சார்.” “எவ்ளோ இழுக்கும்?” இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் கிண்டி எஸ்டேட் முழுக்கத் தேடினாலும் அகப்படமாட்டார். காடு மேடு சுற்றுகிற ஆசாமி என்று அக்கம்பக்கத்தில் இவருக்குப் பெயர். என் கட்சி வேறு. இவருக்குக் காட்டின் மேல் ஆசையே கிடையாது. ஆசையெல்லாம் கணக்கின் மேல்தான்.

ஜிப்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் மாருதி இறக்கிய அந்த வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். பட்டை எடையையும் சுமக்கும், ஆக்சிலையும் நகராமல் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டால் எடை மட்டும்தான் தாங்கும். ஆக்சில் முன்னே பின்னே ஓடும், பக்கவாட்டில் நழுவும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் தானே சுழலப் பார்க்கும். இதையெல்லாம் அடக்கத்தான் கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு தண்டுகள். லிங்க் என்பது இவற்றைத்தான். மேலிரண்டையும் போதிய அளவு சாய்த்து முக்கோணமாக்கினால், பக்கவாட்டு நழுவலைத் தடுக்கும் பனார்ட் ராடு தனியாக வேண்டாம். அப்புறம் மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் ஆக்சிலில் என்ன இடைவெளி, இரண்டையும் கோடாக நீட்டினால் எங்கே சந்திக்கும், கிளம்பும்போது பின்பக்கம் அமுங்குமா எழும்புமா என்று கேள்விகள் ஆரம்பிக்கும். இங்கே ஒரு எண்ணைத் தொட்டால் அங்கே மூன்று எண் மாறும். இந்த ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. அவருக்கு வேண்டியதும் அதுதான். வேலை முடிந்துவிட்டால் ஓட்டியாக வேண்டுமே! ஆகவே புரொபெல்லர் ஷாஃப்ட் சாய்வு சரியில்லை என்று மறுபடி பிரித்துவிடுவார். சோதனை ஓட்டம் என்பது ஒரு சக்கரத்தைச் சிமென்ட் கட்டை மேல் ஏற்றி, மற்ற மூன்றும் தரையை விடவில்லை என்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி.

‘இவ்வளவு உயர வண்டி வெள்ளத்துக்கு உதவுமே’ என்பார்கள். 2015 டிசம்பரில் அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் தண்ணீரில் வண்டி நின்றுபோகாமல் காப்பது, இன்ஜின் காற்றிழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கும் என்பது அல்ல. அன்றைக்கு ஊருக்குள் ஓடியது படகு. அதற்கு லிங்க் கிடையாது. மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சொல்வதும் எடுபடாது, ஆட்டோ அவற்றை மூன்றே சக்கரத்தில் நாள் முழுக்கத் தாண்டுகிறது. கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கோவாவில் 2014 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சில் இதே மாதிரி வண்டிகளைச் சேற்றில் இறக்கி நிஜமாகவே போட்டி போடுகிறார்களே? போடுகிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். அவர்கள் வேறு ஜாதி. பிராக்கெட் பிய்ந்தால் மழையிலேயே கிடைத்த தகட்டை வைத்து ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நம்மவர் அந்த ஒட்டைப் பார்த்தால் அன்று இரவு சாப்பிடமாட்டார்.

சட்டம் தடுக்காதா என்றால், தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுப் பயந்திருப்பார்கள். லிங்க்காரர் கிராஃப் தாளைத் திருப்பி, நான்கு தண்டு என்பது ஒரு மாற்றமா, நான்கு மாற்றமா, புஷ்களைத் தனியாக எண்ண வேண்டுமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.