அட்டையில ஏறப்போற அப்புவுக்கு

அடேய் அப்பு, இங்கிட்டு வா. வாரப் பத்திரிகைக்காரவுக உன்னை அட்டையில போடப்போறாகளாமே! தச்சங்குறிச்சியில ஒரு காளையோட திமிலைப் புடிச்சதுக்கு இம்புட்டு மரியாதையா? பாவம், அந்தக் காளைக்கு இன்னும் சேதி போகல. அது பாட்டுக்கு வைக்கோலைத் தின்னுக்கிட்டு நிக்குது. நீதான் கண்ணாடியை விட்டு நகர மாட்டேங்குறேன்னு உங்க ஆத்தா பொலம்புறா.

ஏறு, வேணாங்கல. ஆனா நம்மூரு ஆளுக அட்டையில ஏறி என்ன ஆனாகன்னு கேட்டுட்டு ஏறு.

மொதல்ல பி.யூ.சின்னப்பா. சுத்தமான புதுக்கோட்டைக்காரரு. 1940ல 'உத்தம புத்திரன்'ல ரெட்டை வேசம், 1942ல 'கண்ணகி'யில கோவலன். பாகவதர் பெருசா, சின்னப்பா பெருசான்னு அந்தக் காலத்துப் பயலுக சட்டையைப் புடிச்சுக்குவாக. 1951ல முப்பத்தஞ்சு வயசுல போய்ச் சேந்துட்டாரு. இந்த ஊர்ல அவரு வீடு வீடா வாங்குனாருன்னும், இனிமே அவருக்கு வீடு விக்கக் கூடாதுன்னு ராசாவே தடுத்தாருன்னும் ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, ஊரு அதைத்தான் ஞாபகம் வெச்சிருக்கு. பாட்டை மறந்துட்டான், பத்திரத்தை மறக்கல.

அடுத்தவரு கதைதான் உனக்கு ஆகும். ஜெமினி கணேசன், 1920ல இதே புதுக்கோட்டையில பொறந்தவரு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அண்ணன் தம்பி மகன் முறை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில வேதியியல் சொல்லிக்கொடுத்த மனுசன். அப்புறம் ஜெமினி ஸ்டூடியோவுல ஆளெடுக்கிற வேலை. அதாவது, வந்து நிக்கிறவன் மூஞ்சியைப் பாத்து, இது தேறும், இது தேறாதுன்னு சொல்ற உத்தியோகம். 1952ல 'தாய் உள்ளம்'னு ஒரு படம். அதுல இவரு வில்லன். கதாநாயகன் யாருங்கிறே? ஆர்.எஸ்.மனோகர்! பின்னாடி எத்தனை படத்துல அடி வாங்குனாரு, அந்த மனோகர்தான். அடுத்த வருசம் 'மனம்போல மாங்கல்யம்'ல இவரு கதாநாயகன் ஆனாரு. சீட்டு மாறிப்போச்சு.

'பேசும் படம்', 'குண்டூசி'ன்னு சினிமாவுக்குன்னே பத்திரிகை வந்த காலம் அது. சிவாஜிக்கு 'நடிகர் திலகம்'னு பட்டம் மொளைச்சதே 'பேசும் படம்' பக்கத்துலதான்னு சொல்லுவாக. பெட்டிக்கடையில கயிறு கட்டிப் புத்தகத்தைத் தொங்க விட்டிருப்பான். பஸ்ஸு கெளம்புற அவசரத்துல பாக்குறவனுக்கு ஒரு மூஞ்சி, ஒரு வரி, அம்புட்டுத்தான் எட்டும். அதனால மனுசனை ஒரு வரிக்குள்ள சுருட்டியாகணும். எம்சியாருன்னா வீரம், சிவாஜின்னா நடிப்பு. மிச்சமிருந்தது காதல். அதை எடுத்து கணேசன் கழுத்துல மாட்டி விட்டாக, 'காதல் மன்னன்'னு. வீட்டுச் சேதியும் அதுக்குத் தோதாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஒருதரம் மாட்டுனதைக் கழட்ட முடிஞ்சுச்சா?

1974ல சொந்தக் காசைப் போட்டு, பாலச்சந்தர் இயக்கத்துல ஒம்பது வேசம் கட்டினாரு. படத்தோட பேரு என்ன? 'நான் அவனில்லை'! அட்டையில இருக்கிறவனைக் கைகாட்டிச் சொன்ன மாதிரி இல்ல? யாரு கேட்டா? படம் ஓடல. எழுபத்தாறை எட்டிப் புடிக்கிற வயசுல 'அவ்வை சண்முகி'யில வந்தாரே, அங்கயாவது சாமி கும்பிட விட்டாகளா? மடிசார் கட்டிய மாமி பின்னாடி அலைய விட்டாக. அந்த மாமியும் கமலகாசனாப் போச்சு. சம்பளம் வாங்காத வேசம்டா அந்தப் பட்டம். வீட்டுத் திண்ணையிலயும் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்.

இப்ப அவரு மக ரேகாவைப் பாரு. 1970ல இந்திக்குப் போன புதுசுல கறுப்பு, குண்டுன்னு பம்பாய்ப் பத்திரிகைக கிண்டல் பண்ணாத நாளில்ல. அந்தப் புள்ள அழுது திரும்பி வரல. உடம்பை மாத்துச்சு, உடுப்பை மாத்துச்சு, 1981ல 'உம்ராவ் ஜான்'ல நடிச்சு தேசிய விருதை வாங்குச்சு. அப்புறம் வாயைக் குறைச்சுக்கிச்சு. பேட்டியே அபூர்வம், படம் மட்டும் வரும், பட்டும் குங்குமமுமா. 2023ல அரபு நாட்டு 'வோக்' பத்திரிகை அட்டையில நிக்கிது, அறுபத்தெட்டு வயசுல! அப்பனைக் குத்தித் தூக்கிக்கிட்டு ஓடின காளையை மக திமிலைப் புடிச்சு நிறுத்துனா. உனக்குத் தெரிஞ்ச பாசையில சொல்லிட்டேன், இதுக்கு மேல புரியலேன்னா நீ மாடு புடிக்கவே லாயக்கில்ல.

இன்னொண்ணு, நெறம். அமெரிக்காவுல ஓ.ஜே.சிம்சன்னு ஒரு பந்தாட்டக்காரன். 1994ல கொலை வழக்குல போலீசு எடுத்த ஒரே போட்டோவை ரெண்டு பத்திரிகை அட்டையில போட்டுச்சு. 'நியூஸ்வீக்' இருந்தபடியே போட்டுச்சு. 'டைம்' அவன் மூஞ்சியை இன்னும் கருக்கிப் போட்டுச்சு. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே மை தீர்ப்புச் சொல்லிருச்சுன்னு ஊரே கொந்தளிச்சு, பத்திரிகை பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. நம்ம பக்கம் தலைகீழு. கந்தர்வகோட்டை வெயில்ல காஞ்ச உன்னை உரிச்ச பனங்கிழங்காட்டம் வெளுத்துப் போடுவாக. அடுத்த பொங்கலுக்கு வாடிவாசல்ல பேரு குடுக்கப் போனா, அட்டையைக் காட்டி, இவரு எப்ப வருவாருன்னு உன்கிட்டயே கேப்பாக.

பத்திரிகைக்காரவுகளை நான் குத்தம் சொல்லல. நம்மளே அச்சடிச்ச ஊருதான். 'பொன்னி' பத்திரிகை 1947ல இங்கேருந்துதான் வந்துச்சு. கோகர்ணத்துல ஞானாலயா இருக்குல்ல, பழைய பத்திரிகைகளோட முதல் இதழையெல்லாம் சேத்து வெச்சிருக்காக. ஒரு நாளு போய்ப் பெரட்டிப் பாரு. அட்டையில சிரிக்கிறதுல எத்தனை பேரை உனக்கு அடையாளம் தெரியுதுன்னு வந்து சொல்லு.

சரி, படம் புடிக்க வர்றவுககிட்ட மூணு சேதி கேளு. பக்கத்துல என்ன வரி எழுதப்போறீக? 'காளையர் மன்னன்' கீன்னு போட்டா, நாளைக்கு இடுப்புப் புடிச்சுக்கிட்டாலும் நீ துள்ளியே ஆகணும். மூஞ்சியை வெளுப்பீகளா? வெளுக்க மாட்டோம்னு சொல்ல வையி. காளைக்காரரு பேரையும் போடுவீகளா? இதுக்கெல்லாம் சரின்னு சொன்னாத்தான் சட்டையைக் கழட்டணும். இல்லேன்னா மோர் குடுத்து அனுப்பிச்சு வையி, வெயில்ல வந்த ஆளுக.