கதியாலும் கிறிஸ்மஸ் மரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பண்டத்தரிப்பு என்ற ஊருக்கு அமெரிக்கர் இரண்டு தடவை வந்தனர் என்று கொள்வது வரலாற்றுக்கு முரணாகாது. முதல் வருகை 1820 இல் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவரான ஜோன் ஸ்கடர் அவ்வாண்டில் இவ்வூரில் வந்து தங்கி, வைத்தியமும் வேதமும் பள்ளிக்கூடமுமாகப் பல ஆண்டுகள் பணிசெய்தார். இரண்டாம் வருகைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. இம்முறை வந்தவர்கள் கப்பலில் நின்றபடி வராமல் தகரப்பெட்டிகளுக்குள் படச்சுருளாகச் சுருண்டு வந்து, யாழ்ப்பாண நகரத்துத் திரைகளில் இறங்கினர். முன்னவர் அடக்கத்தையும் நேரந்தவறாமையையும் கற்பித்தனர். பின்னவரோ அவ்விரண்டையும் உடைய கனவான் சேற்றுக்குழியில் கால்வைத்தால் என்ன நிகழும் என்பதை விளக்கினர். ஊருக்கு விரைவாகப் பிடிபட்ட பாடம் இரண்டாவதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

நகரத்துத் திரையரங்குகளுள் றீகல் ஆங்கிலப் படங்களுக்கென்று பெயர்பெற்றிருந்தது. பண்டத்தரிப்பிலிருந்து அங்கே செல்வதற்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் பஸ் பயணம் வேண்டியிருந்ததாயினும், தமிழ்ப்படம் பார்க்கச் செல்லும் மகனைக் கண்டிக்கும் தகப்பன், ஆங்கிலப் படம் என்றதும் சற்றே இளகிப் பஸ் காசையும் சேர்த்துக் கொடுத்தது, அது பொழுதுபோக்கன்று, கல்விச் செலவே என்ற நம்பிக்கையினாலாகும். சார்லி சாப்ளின் முதலிலிருந்து முடிவுவரை வாயே திறக்காத படத்துக்கும் இச்சலுகை செல்லுபடியானது என்பதும், அப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தவனின் ஆங்கிலம் எவ்வழியாக வளர்ந்தது என்பதை எவரும் விசாரிக்கவில்லை என்பதும் கல்வி வரலாற்றாசிரியர்கள் கவனிக்க வேண்டியவை. 1972 இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, வெளிநாட்டுப் பட இறக்குமதி அதன் பிடிக்குள் வந்தபின், இவ்வகைக் கல்வி வாய்ப்புகள் சுருங்கின.

சாப்ளின் முதலாக, தகரப்பெட்டிகளுக்குள் வந்த நடிகர்களின் கலை ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் எனப்படும். அடி, உதை, சறுக்கல், விழுகை ஆகிய உடற்செயல்களால் சிரிப்பூட்டும் நகைச்சுவை என அதனை வரையறுக்கலாம். விழுவதெல்லாம் சிரிப்பாகாது என்பதே இதன் இலக்கணத்தில் முதல் விதி. மானமில்லாதவன் விழுந்தால் அது விபத்து. மானமுள்ளவன் விழுந்து, எழுந்து, தொப்பியைத் தட்டி, எதுவும் நிகழவில்லை என்ற பாவனையில் நடந்தால் மட்டுமே அது நகைச்சுவையாகிறது. ஆகவே இக்கலைக்கு வேண்டிய மூலப்பொருள் மானம். அப்பொருளை வேறெந்தத் தேசத்திலிருந்தும் இறக்குமதி செய்யவேண்டிய தேவை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

இக்காரணத்தால், உலகெங்கும் சாப்ளினுக்கு முதலிடம் கொடுக்கப்படினும், பண்டத்தரிப்பைப் பொறுத்தவரை அவ்விடம் ஒலிவர் ஹார்டிக்கே உரியது. 1892 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்த இப்பருத்த மனிதரும், 1890 இல் இங்கிலாந்தில் பிறந்த ஒல்லியான ஸ்டான் லோரலும் இணைந்து, ஊமைப்படக் காலத்தின் இறுதியிலும் பேசும்படக் காலத்திலும் புகழ்பெற்ற இரட்டையராயினர். லோரலுக்கு உலகம் விளங்குவதில்லை. ஆதலால் அவருக்குத் துன்பமுமில்லை. ஹார்டிக்கோ தாம் ஒரு பெரியமனிதர் என்பதில் ஐயமே கிடையாது. குழிக்குள் விழுமுன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்வார். விழுந்தபின் நேரே கமெராவைப் பார்த்து, இந்த மடையனோடு வாழும் கொடுமைக்கு நீங்களே சாட்சி என்று கண்ணாலேயே பார்வையாளரிடம் முறையிடுவார். மலாயாவில் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து, ஓய்வூதியத்தோடு ஊர்திரும்பி, மலாயன் பென்சனியர் என்ற பட்டத்தோடு வேட்டிக்கு மேலே கோட்டணிந்து கோயில் வீதியில் குடையூன்றி நடந்த தலைமுறையை அறிந்தவருக்கு அப்பார்வை புதிதன்று. மருமகன்மார் அவ்வாறே பார்க்கப்பட்டனர்.

இவ்விருவரும் 1929 இல் நடித்த ‘பிக் பிசினஸ்’ என்ற குறும்படம் யாழ்ப்பாணத்தார் சிறப்பாக ஆராயத்தக்கது. வெயில் கொளுத்தும் கலிபோர்ணியாவில் இருவரும் காரில் கிறிஸ்மஸ் மரங்களை ஏற்றிக்கொண்டு வீடுவீடாக விற்கச் செல்கின்றனர். ஒரு வீட்டுக்காரர் (ஜேம்ஸ் பின்லேசன் என்ற, மீசையையும் ஒற்றைக் கண்ணைச் சுருக்கும் பார்வையையுமே ஆயுதமாகக் கொண்ட நடிகர்) வேண்டாம் என்று கதவைச் சாத்த, மரத்தின் கிளை கதவிடுக்கில் அகப்படுகிறது. அவர் கத்தரிக்கோல் கொண்டு மரத்தை வெட்டுகிறார். இவர்கள் அவருடைய கதவைக் குடைகிறார்கள். அவர் காரின் விளக்கைப் பிடுங்குகிறார். இவ்வாறு படிப்படியாக, முடிவில் வீடு வீடாகவும் கார் காராகவும் எஞ்சவில்லை. இவ்வுத்தி பதிலுக்குப் பதில் அழிவு எனப்படும். இதன் உயிர்நாடி வேகத்திலன்று, மரியாதையிலேயே உள்ளது. ஒருவர் அழிக்கும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. அருகில் நின்று, வேலை முடியும்வரை பொறுமையாக அவதானித்து, அதன்பின்னரே தம்முடைய முறையை எடுத்துக்கொள்கிறார். தெருவில் கூட்டம் கூடி ஆழ்ந்த அக்கறையோடு நோக்குகிறது. பொலிஸ்காரர் ஒருவர் வந்து, தடுக்காமல், எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொள்கிறார்.

குடாநாட்டு வேலிச்சண்டையை இதனினும் துல்லியமாகப் படம்பிடித்தவர் எவருமிலர். கதியால் என்பது வேலியின் உயிருள்ள தூண். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் தடிகளை வரிசையாக நட்டு, அவை துளிர்த்தபின் கிடுகினாலோ பனையோலையினாலோ அடைப்பது யாழ்ப்பாணத்து வேலிமுறை. கிடுகு உக்கும்; ஆகவே வேலி காலத்துக்குக் காலம் புதிதாக அடைக்கப்படும்; பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதிய கதியால் நடப்படும்; நடப்படும்போது அது பழைய குழியிலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் நிலத்துக்குத் தெரியாது. விரலகலம் எல்லை நகர்கிறது. அடுத்த வளவுக்காரர் அன்றைக்கே சத்தமிடுவதில்லை. பின்லேசனைப்போல நின்று பார்க்கிறார். தம்முடைய முறை வந்ததும் இரு விரலகலம் திருத்துகிறார். பின்னர் கிளை வெட்டப்படும், அதற்கு மறுமொழியாகக் குப்பை கொட்டப்படும், ஆடு அவிழ்த்துவிடப்படும். உறவு முற்றாக முறிந்தபின்னும் பெண்கள் வேலிப் பொட்டால், அதாவது ஓலையில் நாயும் கோழியும் சேர்ந்து உண்டாக்கிய துவாரத்தால், குழம்பு கொடுத்து வாங்குவதை நிறுத்துவதில்லை. படத்தின் இறுதியில் எல்லாரும் சேர்ந்து அழுது, லோரல் பின்லேசனுக்குச் சுருட்டொன்று கொடுத்துச் சமாதானமாகிறார். சுருட்டு பிறகு வெடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் இவ்வகைச் சுருட்டின் பெயர் சமாதான உடன்படிக்கை. வேறுபாடு ஒன்றே: ஹொலிவூட்டில் இவ்வளவும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது; மல்லாகம் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழக்குக்கு வாதியும் பிரதிவாதியும் மட்டுமன்றி அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் தேவைப்படலாம்.

‘பிக் பிசினஸ்’ படப்பிடிப்புக்கென விலைக்கு வாங்கிய வீட்டை விட்டுத் தவறான வீட்டை இடித்துவிட்டார்கள் என்று தயாரிப்பாளர் ஹால் றோச் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அக்கதையை மறுத்தவர்களும் உண்டு. உண்மையாயின், அந்த அமெரிக்க வீட்டுக்காரர் நட்டஈட்டோடு அடங்கிவிட்டார் என்பது பண்டத்தரிப்பில் எவராலும் நம்பத்தக்கதன்று.

ஹரோல்ட் லொய்ட் வேறு வகையினர். மூக்குக்கண்ணாடியும் வைக்கோல் தொப்பியுமாக, முன்னேறியே தீர்வது என்ற உறுதியோடு நகரத்துக்கு வரும் இளைஞன் அவர். 1923 இல் வெளிவந்த ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் கடையொன்றில் துணி அளக்கும் வேலை பார்த்துக்கொண்டே, ஊரிலுள்ள காதலிக்குத் தாம் பெரிய பதவியில் இருப்பதாக எழுதுகிறார். அவளோ நம்பி நேரே புறப்பட்டு வந்துவிடுகிறாள். அதன் விளைவாக அவர் உயர்ந்த கட்டடத்தில் ஏறி மணிக்கூட்டு முள்ளைப் பிடித்துத் தொங்க நேர்கிறது. கவுண்மேந்து உத்தியோகம் தேடிக் கொழும்புக்கு றெயிலேறி, கிளறிக்கல் வேலை கிடைத்த முதல் மாதத்திலேயே பகுதித் தலைவரானதாக வீட்டுக்குக் கடிதமெழுதிய தலைமுறைக்கு இக்கதையில் மிகையானது மணிக்கூடு மட்டுமே. அக்கடிதங்களை நம்பிச் சீதனம் பேசப்பட்டது என்பதால் தொங்குதலின் உயரம் உண்மையில் கூடுதலே எனலாம்.

பஸ்டர் கீற்றனின் முகத்தில் எந்த நிலையிலும் சிரிப்போ திகிலோ தோன்றுவதில்லை. அவருடைய பெருமை பொருள்களோடு அவர் கொண்ட உறவில் இருக்கிறது. 1920 இல் வந்த ‘தி ஸ்கேர்குரோ’ குறும்படத்தில் இருவர் குடியிருக்கும் ஒற்றை அறையிலே இசைத்தட்டுப் பெட்டி அடுப்பாகிறது, படுக்கை நிமிர்ந்து வேறொன்றாகிறது, உப்பும் மிளகும் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஊசலாடுகின்றன. 1990 இற்குப் பின் போரினால் மின்சாரம் அறுந்து, எரிபொருளும் பற்றறியும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் இவ்வகை வீடுகள் நகைச்சுவைக்காக அன்றியே அமைந்தன. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ சுழல, அதிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி பேச, சுற்றியிருந்தோர் பீ.பீ.சீ. தமிழோசை கேட்டனர், சுற்றுபவருக்குக் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்தது. அச்சைக்கிளைக் கண்டிருந்தால் கீற்றன் முகம் மாறாமலே தொப்பியைக் கழற்றியிருப்பார். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரை வாடகைக்கெடுத்து இரவிரவாகப் படம் பார்த்த அந்நாட்களில், அவ்வியந்திரத்தின் இரைச்சலில் கதாநாயகனின் அடுக்குமொழி வசனம் பாதி அடிபட்டுப்போயிற்று. அந்நிலையில் ஒரு சொல்லும் சிந்தாமல் முழுமையாக விளங்கக்கூடிய கலை ஊமைப்படம் ஒன்றே.

சாப்ளினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது அவரை அவமதிப்பதன்று. இறுகிய மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை, பிரம்பு என்ற உடையே பசித்த கனவானின் மானத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறது. 1925 இல் வந்த ‘தி கோல்ட் றஷ்’ படத்தில் சப்பாத்தை அவித்து, ஆணியை மீன்முள்போல உறிஞ்சி, விருந்துண்ணும் முறை வழுவாமல் அவர் உண்பது வீட்டில் அரிசி இல்லாதபோதும் வாசலில் வந்தவருக்குச் சாப்பிட்டாயிற்று என்று சொல்லும் குடும்பங்களுக்கு விளக்கம் வேண்டாத காட்சி. 1932 இல் உலகப் பயணத்தின்போது அவர் இலங்கைக்கு வந்து கண்டிவரை சென்றார். வடக்கே வரவில்லை, நட்டம் யாருக்கு என்பது பண்டத்தரிப்பார் தீர்ப்புக்குரியது.

இக்கலையின் தமிழ் வாரிசுகளுள் ஜே. பி. சந்திரபாபு இலங்கையோடு தொடர்புடையவர். 1927 இல் தூத்துக்குடியில் பிறந்து, இளமையைக் கொழும்பில் கழித்து, பின்னர் சென்னை சென்று, மார்புக்குரலும் பொய்க்குரலும் நொடிக்கு நொடி மாறும் யோட்லிங் என்ற மேலைநாட்டுப் பாடும் முறையைத் தமிழ்த்திரைக்குக் கொண்டுவந்தார். 1958 இன் ‘சபாஷ் மீனா’வில் அவருடைய உடல் வளைவதைப் பார்த்தவர், எலும்பு என்பது எல்லாருக்கும் பொதுவானதன்று என்ற முடிவுக்கு வரலாம்.

ஆயினும் குடாநாட்டின் சொந்தக் கீற்றன் கே. எஸ். பாலச்சந்திரனே. ‘அண்ணை றைட்’ என்ற அவருடைய தனிநடிப்பு, அதாவது ஒருவரே பல பாத்திரங்களாக மாறி நடிக்கும் ஆற்றுகை, இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் கொண்டக்டரையும் அவரிடம் அகப்பட்ட பயணிகளையும் மேடையில் நிறுத்தியது. 1921 இல் கீற்றன் ‘தி பிளேஹவுஸ்’ என்ற படத்தில் இதனையே செய்தார். ஒரே படச்சுருளைப் பலமுறை ஒளிபடுத்தும் உத்தியால் வாத்தியக்காரர், நடிகர், பார்வையாளர் அனைவராகவும் தாமே தோன்றினார். பார்வையாளராக இருக்கும் கீற்றன்களில் ஒருவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு, இந்தக் கீற்றன் என்பவரே முழுக்காட்சியும் போலிருக்கிறது என்று வியக்கவும் செய்கிறார். பாலச்சந்திரனுக்குக் கமெரா உத்தி எதுவும் கிடைக்கவில்லை. தொண்டையும் தோளும் மட்டுமே இருந்தன. எனினும் எண்ணிக்கையில் அவரே மேம்பட்டவர் என்று கருத இடமுண்டு. கீற்றனின் அரங்குக்கு இருக்கைக் கணக்கு இருந்தது, யாழ்ப்பாணத்து பஸ் நிறைந்துவிட்டதென்று எந்தக் கொண்டக்டரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.