கண்ணுக்கு வாங்கிய ஷூ

ரெட்ரோ ஸ்னீக்கர் எல்லாம் ஒரு காலத்தில் ஓடியாடியவர்களுக்கென்றே தைத்தவை. கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917-ல் கூடைப்பந்துக்காக வந்தது. கணுக்கால் தெரியும்படி கட்டையாக வெட்டிய மாடல் 1957-ல். அடிடாஸ் சாம்பா, உறைந்து இறுகிய தரையில் கால்பந்து ஆடுபவர்கள் வழுக்கி விழாமலிருக்கச் செய்தது. ஸ்டான் ஸ்மித் 1972-ல் விம்பிள்டன் வென்றவர். ஆனால் அவர் பெயர் வைத்த வெள்ளை ஷூ அவரையே மறைத்துவிட்டது. 'சிலர் என்னை ஷூ என்றே நினைக்கிறார்கள்' என்ற பொருளில் ஒரு புத்தகத்துக்குத் தலைப்பே வைத்துவிட்டார் மனிதர்.

காற்றுப்பை, நுரை மெத்தை என்று வந்ததும் வீரர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதைத்தான், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத என்னைப் போன்றவர்கள் காசு கொடுத்து மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

என்னுடையது ஸ்வேட் தோல், ஒடுங்கிய மூக்கு, தட்டை அடி. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் ராஜகளை. எழுந்து நடந்தால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாக வந்து குசலம் விசாரிக்கும். வீட்டில் நடைப்பயிற்சிக்கென்று இன்னொரு ஜோடி இருக்கிறது. பஞ்சு மெத்தைதான், ஆனால் பார்க்க இரண்டு பன் ரொட்டி.

"ஸ்டைல்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் சித்தப்பா" என்கிறான் அண்ணன் மகன். அவனுக்கு வயது இருபது. வலி என்றால் அவனுக்கு இன்னும் கேள்வி ஞானம்தான்.

2024-ல் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக் சாம்பா போட்டுக்கொண்டு பேட்டி கொடுத்தார். அந்த ஷூவின் மவுசையே கெடுத்துவிட்டார் என்று ஒரே ரகளை. சாம்பா ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தார். அவருக்குக் கால் வலித்ததா என்று ஒரு ஜீவன் விசாரிக்கவில்லை.

நம் ஊரில் வேறொரு சங்கடம். இவ்வளவு வலியைத் தாங்கி அடுத்தவர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கழற்ற வேண்டும். அழகு செருப்புக் கும்பலோடு வெளியே நிற்க, உள்ளே வருவது நானும் என் சாக்ஸும். அதுவும் ஷூவுக்கு வெளியே தெரியக்கூடாது என்று விற்கிறார்களே, அந்தக் குட்டி சாக்ஸ். வழியிலேயே குதிகாலை விட்டிறங்கி உள்ளங்காலில் சுருண்டு படுத்திருக்கும். கல்யாண ரிசப்ஷனிலாவது பார்ப்பார்களா என்றால், வரிசையில் கால் கடுக்க நின்று மேடையேறியதும் போட்டோகிராபர் முழங்காலுக்கு மேல்தான் ஃபிரேம் வைக்கிறார்.

மெத்தென்று ஒரு ஜெல் அட்டை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். பாதம் சுகமாக உயர்ந்தது. கூடவே குதிகாலும் உயர்ந்து, அடிக்கொரு தரம் ஷூவை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. கட்டை ஷூவில் அதைப் பிடித்து நிறுத்தக் கழுத்து ஏது?

இப்போதெல்லாம் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் நான் விசாரிப்பது சாப்பாட்டு ஏற்பாட்டை. பந்தி என்றால் ரெட்ரோ. பஃபே என்றால் பன் ரொட்டி. மண்டபம் பார்க்கிங்கிலிருந்து தூரம் என்றால் மொய்யை ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன்.