பியானோவுக்கு வயது கூடும் விதம்

எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டியே பறித்த நாளைச் சொல்லிவிடும் புளியங்குடிக்காரர்கூட, வாரிசாக வந்த பியானோ முன்னால் தடுமாறிப்போவார். பழத்துக்கு வயது ஏறினால் விலை இறங்கும். பியானோவுக்கு ஏறும் என்பது பொதுவான நம்பிக்கை. எனவே வயது தலைமுறைக்கு ஐம்பதாகக் கூடுகிறது.

“நானூறு வருஷத்துப் பொருள்” என்பார் பெரியப்பா. இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி பியானோவைக் கண்டுபிடித்ததே 1700-ஐ ஒட்டித்தான். அவர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. மூத்தது 1720-ஐச் சேர்ந்தது, நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, பாளையங்கோட்டை மிஷனரி ரேனியஸ் ஐயர் கொண்டுவந்ததாக இருக்கட்டும் என்று சமரசம் பேசுவார் சித்தப்பா. மூடியைத் திறந்தால் அடிச்சுரக் கம்பிகள் மற்றக் கம்பிகள்மேல் குறுக்கே ஓடுகின்றன. அந்த அமைப்பு பரவியது, 1859-இல் ஸ்டெயின்வே காப்புரிமை வாங்கிய பிறகு. ரேனியஸ் காலமானது 1838-இல்.

அடுத்து, மூடியில் பொன்னெழுத்தில் ‘மிஸ்க்வித்’. செய்தவர் பெயர் கிடைத்துவிட்டதென்று வீடே குதூகலிக்கும். அது 1842-இல் சென்னையில் தொடங்கிய கடை. இன்றைய மியூசி மியூசிக்கல். துணிக்கடைப் பையில் இருக்கும் பெயரா நெய்தவர் பெயர்?

உள்ளே இரும்புச் சட்டத்தில் 1788 என்று இருந்தால் அதையே பிறந்த ஆண்டாக அறிவித்துவிடுவார்கள். அது வரிசை எண். செய்த நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் ஆண்டு தெரியும்.

சுருதி சேர்க்க வந்தவர்கள் சிலர் கட்டைகளின் பக்கவாட்டில் பென்சிலால் தேதி எழுதிவைப்பதுண்டு. அது 1920-க்குப் பிந்தியதாக இருந்தால், பெரியப்பா கண்ணில் படுமுன் ரப்பர் தேடப்படும்.